இல்லாத சிவப்பு விளக்கு

முதலில் அவன் உடைத்தது லேப்டாப்பை. அவளுடைய மணிக்கட்டு அதற்குப் பிறகுதான்.

அன்று கிடங்கில் யாரையோ கன்னத்தில் அறைந்துவிட்டு வந்திருந்தான். அதற்கு விளக்கம் கேட்டு மேலதிகாரி வீடியோ காலில் வந்திருந்தார். அவன் குழைந்து குழைந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது படம் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி மேலதிகாரி உறைந்திருக்க, திரையின் ஓரச் சதுரத்தில் கும்பிட்ட கையோடு அவனே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும் சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இணைய நிறுவனம் ஒன்றின் உதவி மையத்தில், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க "வைஃபை வரல" என்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. காரணம் தெரிந்தும் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

"அடுப்பும் வைஃபையும் ஒரே அலைவரிசைங்க. அடுப்பு ஓடினா அது போடுற கூச்சல்ல வைஃபை பேசுறது லேப்டாப்புக்குக் கேக்காது. இன்னொரு பேரு இருக்கும் பாருங்க, கடைசியில அஞ்சுன்னு போட்டிருக்கும். அதுல மாத்திட்டீங்கன்னா…"

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

லேப்டாப் சுவரில் மோதி இரண்டாகப் பிளந்துகொண்டது. பிறகு அவள் இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுப்புக்குள் திணித்து, கதவை அறைந்து சாத்தினான். ஒரு தடவையோடு விடவில்லை. கண்ணாடி விரிசல் விட்ட சத்தம் எது, எலும்பு முறிந்த சத்தம் எது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாமியார் வாசற்படியில் நின்று, "அடுப்பு புதுசுடா" என்றாள்.

அதோடு அவளுடைய போன் பறிபோனது. படுக்கையறைக்கு வெளிப்பக்கம் பூட்டு விழுந்தது. ஆபீசுக்குக் காய்ச்சல் என்று அவனே செய்தி அனுப்பிவிட்டான். சாவி மாமியாரின் இடுப்பில் தொங்கியது.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது கதவைத் திறந்து, வீங்கிக் கறுத்துக் கிடந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சட்டைக் கையை நிதானமாக மடித்துவிட்டுக்கொண்டே சொன்னான்.

"இந்தக் கையோட நீ வெளிய போனா என் பேருதான் கெடும். சாயங்காலம் வந்து ஒரேயடியா முடிச்சுடறேன். மாடியிலேர்ந்து தவறி விழுறவங்க இல்லையா என்ன?"

கோபத்தில் கத்தியிருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னான். அதனால்தான் நம்பினாள்.

படுக்கையறையில் அவளுக்கு மிச்சம் இருந்தவை ஒரு கட்டில், ஒரு இரும்பு பீரோ, கம்பி போட்ட ஜன்னல், அப்புறம் சுவர்ப் பிளக்கில் செருகியிருந்த ஒரு ரிப்பீட்டர். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை டப்பா அது. கூடத்தில் இருக்கும் ரவுட்டரின் சிக்னல் வீட்டின் பின்பக்கத்துக்கு எட்டாததால் நடுவில் மாட்டியது.

ரிப்பீட்டருக்கு என்று சொந்தச் சரக்கு எதுவும் கிடையாது. ரவுட்டர் சொல்வதைக் காதில் வாங்கி, அதையே உரக்கத் திருப்பிச் சொல்லும். நாம் பேசினால் அதை ரவுட்டரிடம் போய்ச் சொல்லும். அசல் கோள்மூட்டி. ஆனால் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால், ரவுட்டரின் கையை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு துணையைத் தேட ஆரம்பிக்கும். வேடிக்கை என்னவென்றால், அப்போதும் தன் பெயரைச் சொல்லி ஊரைக் கூப்பிடுவதை நிறுத்தாது. போன்கள் அதை நம்பி ஒட்டிக்கொண்டே இருக்கும். சிக்னல் கோடுகள் முழுசாகக் காட்டும். இணையம் மட்டும் இருக்காது.

ரவுட்டரின் பெயரும் கடவுச்சொல்லும் தனக்கு மட்டும் என்று கணவன் வைத்துக்கொண்டிருந்தான். அம்மாவின் போனில் ரிப்பீட்டரின் பெயரைத்தான் போட்டுக் கொடுத்திருந்தான். அந்தப் போனில் பேச மட்டும்தான் முடியும், டேட்டா கிடையாது. ஆகவே மாமியாரின் மத்தியானச் சீரியல் முழுவதும் இந்த டப்பாவின் தயவில் ஓடிக்கொண்டிருந்தது.

உதவி மையத்தில் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். பக்கத்து இருக்கைத் தோழி ஒருத்திதான் மேஜையிலேயே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அழைப்புகளை எடுப்பாள். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவள் சோடாபுட்டி, சுருக்கமாகச் சோடா.

கூடத்தில் சீரியலின் ஆரம்ப இசை கேட்டது. அவள் பொறுத்திருந்தாள். கதாநாயகியின் அழுகை உச்சத்துக்குப் போகும் இடத்தில், வலது கைக் கட்டைவிரலால் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

அழுகை பாதியில் நின்றது. சற்று நேரம் கழித்து மாமியாரின் குரல் வந்தது.

"ஏய் கஸ்டமர் கேரு! என்னடி பண்ணித் தொலைச்ச?"

"நான் உள்ள பூட்டிக் கிடக்கேன் அத்தை. நான் என்ன பண்ண முடியும்?"

"அப்ப ஏன் இது சுத்திக்கிட்டே இருக்கு? அங்க அவ பால்ல விஷத்தைக் கலந்துட்டா. குடிச்சானா இல்லையானு தெரியாம எனக்கு இங்க உசுரு போகுது."

"கோடு எத்தனை காட்டுது?"

"எல்லாம் ஃபுல்லாத்தான் காட்டுது. எனக்குக் கண்ணு இருக்கு."

"அதுக்குப் பக்கத்துல குட்டியா ஒரு ஆச்சரியக்குறி இருக்கா?"

போனை இப்படியும் அப்படியும் திருப்பும் வளையல் ஓசை மட்டும் வந்தது. பிறகு போனை உள்ளங்கையால் தட்டும் சத்தம். அந்த வீட்டில் எதைச் சரிசெய்வதற்கும் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

"அணைச்சுப் போட்டும் பாத்துட்டேன்டி. வரலை."

"போனைப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது அத்தை. என்கிட்டக் கொடுங்க."

"உன்கிட்டப் போனைக் கொடுத்தா அவன் என்னைக் கொன்னே போட்டுடுவான்."

"சரி. அப்ப விஷத்தைக் குடிச்சானா இல்லையானு நாளைக்குக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க."

சாவி திரும்பியது. மாமியார் ஒரு கையில் போனும் மறுகையில் மாப் குச்சியுமாக நின்றாள். குச்சியின் நுனி மருமகளின் தொண்டைக்கு நேராக இருந்தது.

"எனக்கு எதிர்லயே பாரு. ஏதாவது வேலை காட்டினேன்னு வை, அந்தக் கையிலேயே போடுவேன்."

அவள் போனை வாங்கி, செய்ய வேண்டியதை ஒழுங்காகவே செய்தாள். விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தாள். அந்த இணைப்பை மறக்கச் சொல்லி, மறுபடி சேர்த்தாள். மாமியார் கண் கொட்டாமல் பார்த்தாள். ஒவ்வொரு படிக்கும் இவள் காரணம் சொன்னாள். பயத்தில் குரல் நடுங்கியபோதும் விளக்கம் மட்டும் தடுமாறவில்லை.

"போன் நல்லாத்தான் இருக்கு அத்தை. லைன்லதான் கோளாறு. கம்பெனிக்குத்தான் சொல்லணும்."

"ஸ்பீக்கர்ல போட்டுப் பேசு. உன் ஆபீசுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. நீ யாருன்னு அங்க மூச்சு விட்ட, அவ்வளவுதான்." குச்சி மணிக்கட்டின் மேல் வந்து லேசாக உட்கார்ந்தது. அந்த லேசுக்கே அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

எண்ணை அழுத்தினாள். பதிவுக் குரல், இசை, மறுபடி பதிவுக் குரல். பிறகு வாயில் இருப்பதை அவசரமாக விழுங்கிக்கொண்டு ஒரு குரல்.

"வணக்கம், உதவி மையம். உங்க வாடிக்கையாளர் எண் சொல்லுங்க."

சோடாதான். அவள் எண்ணைச் சொன்னாள். ஊழியர் சலுகையில் அவள் பெயரிலேயே எடுத்த இணைப்பு. இந்நேரம் சோடாவின் திரையில் அந்தப் பெயர் வந்திருக்கும். மறுமுனையில் டப்பா மூடி கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மேடம். என்ன பிரச்சினை?" குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கைதேர்ந்தவள்.

"நெட் வரலைங்க. ரவுட்டர்ல சிவப்பு விளக்கு எரியுது."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நிறுவனத்தின் ரவுட்டரில் சிவப்பு விளக்கே கிடையாது. பச்சை உண்டு, ஆரஞ்சு உண்டு, அவ்வளவுதான்.

உதவி மையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அடுத்தவர் வீடு காதுக்குள் வந்துவிடும். ரவுட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள், பின்னால் அறை விழும் சத்தம் கேட்கும். அப்படி ஒரு நாள் ஒரு பெண் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அலறல் கேட்டு லைன் அறுந்தது. மறுநாள் அவள் படம் செய்தியில் வந்தது. அன்றைக்கு அவர்கள் குழுவின் தலைவி பெரியக்கா எல்லோரையும் கூப்பிட்டு ஒரு பழக்கம் உண்டாக்கினாள். சந்தேகம் வந்தால், அழைத்தவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உதவி வேணும்னா சிவப்பு விளக்கு எரியுதுன்னு சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால் போலீசுக்குப் போக வேண்டும். எந்தக் கையேட்டிலும் இல்லாத விதி. ஒரு தடவை நிறம் தெரியாத பெரியவர் ஒருவர் தானாகவே சிவப்பு என்று சொல்லி, போலீசோடு போய் அவர் வீட்டு வாசலில் அசடு வழிந்து நின்றதும் உண்டு.

"விடாம எரியுதா மேடம், விட்டு விட்டா?"

விடாமல் என்றால் அடிப்பவன் வீட்டில் இருக்கிறான். விட்டு விட்டு என்றால் வெளியே போயிருக்கிறான், வருவான்.

"விட்டு விட்டு எரியுது. சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா மொத்தமாப் போயிடும்."

"புரியுது மேடம்." விசைப்பலகை தட்டும் சத்தம். "ஆள் அனுப்புறோம். அதுவரைக்கும் ரவுட்டரை மட்டும் அணைச்சுடாதீங்க. அது உயிரோட இருக்கிற வரைக்கும் எனக்கு இங்க ஒரு பச்சைப் புள்ளி தெரியும். அதையே பாத்துட்டு இருக்கேன்."

அழைப்பு முடிந்தது. மாமியார் போனைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். செருப்பு அலமாரிக்கு மேலே இருந்த ரவுட்டரின் முன்னால் குனிந்தாள். அங்கேயே நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"பச்சையாத்தானேடி எரியுது?"

"அப்படிச் சொன்னாத்தான் சீக்கிரம் ஆள் அனுப்புவாங்க அத்தை."

மாமியார் அவளுடைய முகத்தையும், தொங்கிக் கிடந்த கையையும், மறுபடி முகத்தையும் பார்த்தாள். குச்சியால் அறைக்குள் தள்ளினாள். பூட்டும்போது சொன்னாள், "நெட்டு போனதும் அவனுக்குத்தான் முதல்ல போன் போட்டேன். வந்துக்கிட்டு இருக்கான்."

சாயங்காலம் வரை இருந்த அவகாசம் அந்த ஒரு வாக்கியத்தில் காலி. அவள் ரிப்பீட்டரின் பொத்தானை மறுபடி அழுத்தி ரவுட்டரோடு சேர்த்துவிட்டாள். நெட் வந்துவிட்டால் அவன் பாதி வழியில் திரும்பிவிடுவான் என்ற நப்பாசை. கூடத்தில் கதாநாயகி விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினாள். கதாநாயகன் விஷத்தைக் குடித்துவிட்டான். அதே நேரம் வாசல் கதவு திறந்தது.

"ஓடுதே? யாரு சரி பண்ணது?"

"தானா வந்துடுச்சுடா."

"போனைக் கொடு." அழைப்புப் பட்டியலைத் திறந்திருப்பான். "இது யாரு நம்பர்?"

பூட்டைத் திறக்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. உதைத்தான். இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் மரத்தோடு பெயர்ந்து வந்தது. தலைமுடியைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போய் ரவுட்டருக்கு முன்னால் போட்டான். உடைந்த கை உடம்புக்கு அடியில் சிக்கி, அவள் கத்திய கத்தல் அவளுக்கே யாரோ கத்துவது போல இருந்தது.

"உன் ஆபீசுக்குப் போன் பண்ணி என்னடி சொன்ன?"

"நெட் வரலைன்னு… விளக்கு சிவப்பா எரியுதுன்னு…"

அவன் ரவுட்டரைப் பார்த்தான். பச்சை. அம்மாவிடம் திரும்பினான்.

"சிவப்பாவா எரிஞ்சுது? நீ பாத்தியா?"

மாமியார் முந்தானையால் போனைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சிவப்புதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எனக்கு என்னடா வந்துச்சு யோசிக்க? சிவப்பா இருந்துச்சு. இப்ப பச்சையாயிடுச்சு. உங்கப்பன் மூஞ்சி மாதிரி நிமிஷத்துக்கு ஒரு நிறம் மாறுற சனியனை வாங்கி வச்சுட்டு என்னைக் கேள்வி கேக்குறான்."

அவன் அம்மாவை அறைந்தான். புறங்கையால், யோசிக்காமல், ஈயை விரட்டுவது போல. கிழவி செருப்பு அலமாரியோடு சரிந்தாள். உதடு கிழிந்து ரத்தம் கழுத்து வரை ஓடியது. அவளிடம் ஆச்சரியமே இல்லை. வாங்கிப் பழகிய முகம் அது என்பதை மருமகள் அப்போதுதான் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் கூட்டா? இந்த எழவு இருந்தாத்தானே போனும் பேச்சும்?"

ரவுட்டரை வயரோடு பிய்த்து எடுத்துத் தரையில் அடித்தான். மிதித்தான். ஆன்டெனாக்கள் பறந்தன. பச்சை விளக்கு அணைந்தது.

எங்கோ ஒரு திரையில் அந்தப் புள்ளியும் போயிருக்கும். சோடா அதைப் பார்த்துக்கொண்டு இருப்பாளா, இல்லை அடுத்த அழைப்பில் இருப்பாளா? அதற்கு மேல் யோசிக்க அவன் விடவில்லை. நெஞ்சில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான். ரவுட்டரிலிருந்து அறுந்து வந்த நீலக் கேபிளை அவள் கழுத்தில் சுற்றினான். அந்தக் கேபிள் எளிதில் அறாது. உள்ளே எட்டுச் செப்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கிக் கிடக்கும். வாடிக்கையாளர்களிடம் அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

கண்ணுக்குள் புள்ளி புள்ளியாக வந்தது. வலது கை தரையில் துழாவி, சுவரிலிருந்து பெயர்ந்து வந்து கிடந்த அடாப்டரின் வயரைப் பிடித்தது. வயரின் நுனியில் கட்டியான கறுப்புப் பெட்டி, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் கால்கள். கவண் போலச் சுழற்றி வீசினாள். முதல் வீச்சு தோளில் பட்டது. இரண்டாவது வீச்சில் பித்தளைக் கால்கள் புருவத்துக்குக் கீழே இறங்கின.

அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். விரல்களுக்கு நடுவே ரத்தம் கொட்டியது. பிடி தளர்ந்தது, ஆனால் அவன் விலகவில்லை. ஒற்றைக் கண்ணோடு மறுபடி கேபிளைத் தேடினான்.

மாப் குச்சி அவன் பிடரியில் விழுந்தது. மறுபடி விழுந்தது. குச்சி முறிந்து தெறித்தது.

"அம்மா!" என்றான், நம்ப முடியாமல்.

மாமியாரின் கையில் பாதிக் குச்சி மிச்சம் இருந்தது. "அப்படிக் கூப்பிடாதடா," என்றாள். "இப்பத்தானே அடிச்ச?"

அவன் தாயின் மேல் பாயத் திரும்பியபோது அழைப்பு மணி அடித்தது. மணி நிற்கவில்லை, யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். மாமியார் தடுமாறிப் போய்க் கதவைத் திறந்தாள்.

முதலில் வந்தது ஏணி. அதைப் பிடித்துக்கொண்டு லைன்மேன். பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள், அவர்களுக்கும் பின்னால் மூச்சிரைக்கப் பெரியக்கா. போலீஸ்காரர்கள் அவனைக் குப்புறத் தள்ளி விலங்கு போட்டபோது ஒருவரின் உதட்டைத் தலையால் முட்டிக் கிழித்தான். பதிலுக்கு அவனும் நன்றாக வாங்கினான். உடைந்த பிளாஸ்டிக் சில்லுகள் மேல் முகத்தைத் தேய்த்துக்கொண்டே வெளியே போனான்.

பெரியக்கா தரையில் உட்கார்ந்து அவள் கழுத்திலிருந்து கேபிளை எடுத்தாள். "போலீஸ்ல வர மாட்டேன்னு சொன்னாங்கடி," என்றாள் அழுதுகொண்டே. "அந்த நிறம் தெரியாத பெரியவர் கதையைச் சொல்லிச் சிரிக்கிறாங்க. சாயங்காலமாப் போய்ப் பாக்கிறோம்னாங்க. அப்பத்தான் சோடா போன் பண்ணினா, புள்ளி போயிடுச்சுன்னு. நான் மேஜை மேல ஏறாத குறைதான். நல்லவேளை, ஸ்டேஷன் உங்க தெருக்கோடியிலேயே இருக்கு."

அவனே மிதித்து அணைத்த விளக்கு.

மாமியாரின் போன் அடித்தது. உதவி மையத்தில் எந்தப் புகாரையும் வாடிக்கையாளர் வாயால் கேட்காமல் மூடக் கூடாது. திரும்ப அழைத்துக் கேட்க வேண்டும். மாமியார் ரத்தம் படிந்த விரலால் ஸ்பீக்கரை அழுத்தி நீட்டினாள்.

"மேடம்," என்றது சோடாவின் குரல். கண்ணாடியைக் கழற்றி மூக்கைச் சிந்துவது கேட்டது. "உங்க… உங்க ரவுட்டர்ல இப்ப என்ன விளக்கு எரியுது?"

"எந்த விளக்கும் எரியலடி," என்றாள் அவள் கரகரத்த குரலில். "உடைஞ்சு கிடக்கு."

மறுமுனையில் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

ஆம்புலன்ஸ் வரும்வரை மாமியாரும் மருமகளும் சுவரில் சாய்ந்து பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கிழவி கிழிந்த உதட்டை முந்தானையால் ஒற்றிக்கொண்டே போன் திரையைத் தடவினாள். படம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ரவுட்டரே போச்சு. இது மட்டும் ஃபுல்லாக் காட்டுதே?"

படுக்கையறையில் ரிப்பீட்டர் இன்னும் செருகியபடிதான் இருந்தது, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டை எரிந்தது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அந்தக் கோடு, பக்கத்துல ஒருத்தன் சத்தமாக் கத்துறான்னு மட்டும்தான் அத்தை காட்டும். அவன் கையில ஏதாவது இருக்கான்னு காட்டாது."

கிழவி போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப அதைப் பிடுங்கிப் போட்டுட்டு வரேன்," என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.